பேச்சு போனாலும் பேர் போகாது

(ஓடைப்பட்டியிலிருந்து ஒரு முன்னாள் வரலாற்று மாணவன்)

நம்ம பள்ளத்தாக்கில் புதிதாக ஒருவர் அறிமுகமானால் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்பதுதான். ஓடைப்பட்டி என்றோ சின்னமனூர் என்றோ பதில் சொன்னால் அதோடு விட்டுவிட மாட்டார்கள். "அது சரி, பூர்வீகம் எது?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த இரண்டாவது கேள்விக்குத் தேனி, கம்பம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பதில்களைத் தொகுத்தாலே ஒரு தென்னிந்திய வரலாறு எழுதிவிடலாம். துங்கபத்திரைக் கரை என்பார் ஒருவர். ஆந்திர தேசம் என்பார் இன்னொருவர். ராமநாதபுரம் சீமை, கொங்குநாடு, மலையாளம் என்று வரிசை நீளும்.

சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது எனக்கு இந்தப் 'பூர்வீகம்' என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. காரணம், நம்மோடு படித்தவர்களில் பாதிப்பேர் இன்று ஊரில் இல்லை. சென்னை, பெங்களூர், வளைகுடா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அவர்களுடைய பேரன் பேத்திகளிடம் யாராவது பூர்வீகம் கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? ஊரை விட்டுப் போனவர்களின் வாரிசுகள் எதை வைத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்? இதற்கு வரலாற்றில் நிறையச் சான்றுகள் உண்டு.

திராட்சை தேசத்து இத்தாலியர்கள்

முதலில் நமக்குச் சம்பந்தமே இல்லாதது போல் தோன்றும் ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1876-லிருந்து 1915-க்குள் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். பஞ்சம், நிலமின்மை, வரி என்று நம் ஆட்களைக் கப்பலேற்றிய அதே காரணங்கள்தான். அவர்களில் ஒரு பகுதியினர் 1875 முதல் பிரேசில் நாட்டின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டோ சுல் மலைப்பகுதியில் குடியேறினார்கள். பெரும்பாலும் வெனிஸ் நகரைச் சுற்றியுள்ள வெனெட்டோ பகுதிக் குடியானவர்கள். காட்டை வெட்டி என்ன நட்டார்கள் தெரியுமா? திராட்சை. அங்குள்ள காஷியாஸ் டோ சுல் நகரத்தில் 1931-லிருந்து திராட்சைத் திருவிழா நடந்துவருகிறது. ஓடைப்பட்டிக்காரனான எனக்கு இதைப் படித்தபோது ஏதோ ஒண்ணுவிட்ட சொந்தம் போலத் தோன்றியது.

அவர்கள் கொண்டுபோன மொழி இன்றைய இத்தாலி நாட்டின் பொதுமொழி கிடையாது. இத்தாலி ஒரே நாடாக ஆனதே 1861-இல்தான். கிராமத்து ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் வட்டாரப் பேச்சு. அந்தப் பேச்சு பிரேசில் மண்ணில் போர்த்துகீசியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு 'தாலியான்' என்ற தனி மொழியாக வளர்ந்தது. 1937-லிருந்து 1945 வரை நடந்த வர்காஸ் ஆட்சியில் வேற்று மொழிகளை ஒடுக்கினார்கள். இத்தாலியப் பேச்சும் வெளியிடங்களில் வாய்மூட வேண்டியதாயிற்று. ஆனாலும் அடுப்படியிலும் தோட்டத்திலும் அது பிழைத்துக் கிடந்தது. 2014-இல் அதே பிரேசில் அரசு அதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. ரோமிலிருந்து போகும் ஓர் இத்தாலியருக்குத் தாலியான் முழுதும் புரியாது. அதைப் பேசுகிறவரோ தன்னை அசல் இத்தாலியன் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஊரை விட்டுப் போனவன் தான் கிளம்பிய நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே அதைக் கொண்டுபோகிறான். அதற்குப் பிறகு ஊர் மாறிவிடுகிறது. அவன் பிள்ளைகளும் வேறொரு வழியில் மாறுகிறார்கள். நூறு வருஷம் கழித்து இருவரும் சந்தித்தால் ஒருவரை ஒருவர் பார்த்து "இது நம்ம வழக்கம் இல்லையே" என்பார்கள். யார் சொல்வது சரி?

வீட்டுக்குள் ஒரு கன்னடம்

பிரேசில் வரை போக வேண்டியதில்லை. நம்ம கம்பத்திலேயே இது இருக்கிறது. ஒக்கலிகர் என்றும் காப்பிலியர் என்றும் வழங்கப்படும் சமூகத்தினர் பல தலைமுறைகளுக்கு முன் கன்னட நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். வீட்டில் கன்னடம் பேசுவாக. படிப்பு, எழுத்து, வியாபாரம், அரசியல் எல்லாம் தமிழில். அந்தக் கன்னடத்தை எழுதத் தெரிந்தவர்கள் அரிது. எழுத்து இல்லாமலே காதுவழியாக, அம்மா மூலம் பிள்ளைக்கு என்று அது வந்திருக்கிறது. தமிழ் கலந்த அந்தப் பேச்சு பெங்களூர்க்காரர் காதில் விழுந்தால் விநோதமாகத்தான் இருக்கும், தாலியானைக் கேட்ட ரோம்காரர் கதைதான்.

மொழியைவிட உறுதியாக நின்றது அவர்களுடைய மாடு. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் எனப்படும் தம்பிரான் மாட்டுத் தொழுவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உயிருள்ள மாடுதான் சாமி. மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் கும்பிட வருகிறார்கள். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற ஏழு தொகுதி நூலிலேயே இந்த மாட்டு வழிபாடு பதிவாகியிருக்கிறது. பட்டத்து மாடு இறந்துவிட்டால் அடுத்ததை மனிதர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மந்தைக்கு முன்னால் கரும்புக் கட்டை வைப்பார்கள். எந்த மாடு தானாக வந்து வாய் வைக்கிறதோ அதற்குப் பட்டம். வடக்கே இருந்து மந்தையோடு நடந்து வந்த ஒரு ஜனக்கூட்டத்தின் நினைவு, ஏட்டில் இல்லாமல் ஒரு தொழுவில் இருக்கிறது.

தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர்களிடமும் இப்படித்தான். துரத்தி வந்த படைக்கு அஞ்சி ஓடியபோது ஆறு குறுக்கிட்டது, கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாயின என்று ஒரு கதை உண்டு. ஆறு எது, வருஷம் எது என்று வரலாற்று மாணவன் கேட்கலாம். ஆனால் அந்தக் கதையையும் தேவராட்டத்தையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

நம்ம பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏறிய குடும்பங்கள் எத்தனை! 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. மலைமேல் பிறந்து வளர்ந்த மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் லயத்தில் தமிழும் பேசுகிறார்கள். இருந்தாலும் "சொந்த ஊர்" என்று கேட்டால் கீழே கையைக் காட்டுகிறார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு இறங்கி வருகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் பூர்வீகம்.

மதுரைவீரன் ஏறிய கப்பல்

இனிக் கடல் தாண்டிப் போனவர்களுக்கு வருவோம். இந்தியப் பெருங்கடலில் மொரிஷியசுக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்றொரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அங்கே 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். 1860-இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை ஆனபின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அங்கே நடந்த கொடுமைகளைக் கண்டு 1882-இல் ஆங்கில அரசே அதை நிறுத்தியது. போனவர்களின் வாரிசுகளை அந்தத் தீவில் 'மலபார்' என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கும் நம் மலபாருக்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலோர் தமிழ் வம்சம்.

அவர்களிடம் தமிழ்ப் பேச்சு கிட்டத்தட்டப் போய்விட்டது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. ஆனால் பெயரைப் பாருங்கள். ராமசாமி, முத்துசாமி, வீரப்பிள்ளை என்பவை அங்கே குடும்பப் பெயர்கள். கப்பலில் வந்த பாட்டனின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். அதுவே வம்சத்துக்கெல்லாம் பெயராகிவிட்டது. முன்னால் ஒரு கிறிஸ்தவப் புனிதரின் பெயர், பின்னால் முத்துசாமி. ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களில் பல, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் போகும், திருவிழாவில் தீயும் மிதிக்கும். நமக்கு இது முரண்பாடாகத் தெரியலாம். அவர்களுக்கு இரண்டுமே பாட்டன் சொத்து.

சாமிகளின் பெயரைக் கேட்டால் நம்ம பக்கத்து ஆட்களுக்கு உடம்பு சிலிர்க்கும். 'மார்தேவிரேன்' என்றால் மதுரைவீரன். 'மினிஸ்ப்ரேன்' என்றால் முனீஸ்வரன். 'பாந்தியாலே' என்பது பாஞ்சாலி, அவளுக்குத்தான் தீமிதி. பூசை செய்பவர் 'பூசாரி'யேதான். தெருக்கூத்து வழிவந்த ஆட்டத்தை நடத்துகிறவர் 'வர்த்தியால்', அதாவது நம்ம வாத்தியார். பொருள் தெரியாமலே பாட்டுகளை மனப்பாடமாகப் பாடி, கைநோட்டில் எழுதிவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 'நர்கூலான்' என்று ஒரு கொடிமரமும் ஏற்றுகிறார்கள். அது நாகூர் மீரான்! கடற்பயணத்துக்குக் காவல் நாகூர் ஆண்டவர் என்று நம்பிக் கும்பிட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள், கரை சேர்ந்த பிறகும் அவரை மறக்கவில்லை. இந்து, இஸ்லாம் என்று பிரித்துப் பார்க்காத அந்தக் காலத்துத் தமிழ்நாடு அந்தக் கொடிமரத்தில் இருக்கிறது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கரீபியன் தீவுகளான மார்த்தினீக், குவாதலூப்புக்கும் நம் ஆட்கள் போனார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மார்த்தினீக்கையும் 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது. குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரை சுமார் 42,000 பேர். அங்கே மாரியம்மன் 'மாலியெமேன்' ஆனாள். இந்திய வம்சத்தாருக்கு ஓட்டுரிமை கிடையாது என்று 1904-இல் தகராறு வந்தபோது வழக்காடத் தொடங்கி, 1923 வரை விடாமல் நின்றவர் ஆன்ரி சிதாம்பரோம் (1863-1952). சிதம்பரம் என்ற பெயரோடு ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காக ஏறத்தாழ இருபது வருஷம் போராடினார். பூர்வீகத்தை விடாமலே புது நாட்டை உரிமையாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

சாப்பாட்டை எப்படி மறப்பது? குவாதலூப்பில் 'கொலொம்போ' என்று ஒரு கறி பிரசித்தம். அது நம்ம 'குழம்பு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ரீயூனியனில் 'ரூகாய்' என்பது ஊறுகாய். இன்று தக்காளித் தொக்கு மாதிரியும் இறைச்சி போட்டும் செய்கிறார்கள். முருங்கைக்கீரையை 'மூருங்' என்கிறார்கள். இவற்றை இன்று அந்தத் தீவில் எல்லா இனத்தாரும் சாப்பிடுகிறார்கள்.

எது அசல்?

1970-களுக்குப் பிறகு ரீயூனியனில் ஒரு மறுமலர்ச்சி வந்தது. இந்தியாவிலிருந்து குருக்களையும் சிற்பிகளையும் வரவழைத்துக் கோபுரம் எழுப்பினார்கள். தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், தீபாவளி விழா எல்லாம் தொடங்கின. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. கிடாவும் சேவலும் வெட்டும் பழைய கோயில் வழிபாடு நாகரிகமில்லாதது, ஆகம முறைதான் உண்மையான இந்து மரபு என்று சிலர் சொல்ல, "எங்க பாட்டன் கும்பிட்ட முறையை மாத்த நீங்க யாரு?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மதுரைவீரனுக்கும் முனீஸ்வரனுக்கும் கிடா வெட்டுவது நம்ம ஊரில் இன்றும் நடக்கிற வழிபாடு. கப்பலேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கிராமத்து ஜனங்கள். அவர்கள் வாரிசுகள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அறியாமை என்று சொன்னால், நம்ம ஊர்க் குலசாமியையும் அறியாமை என்று சொல்ல வேண்டிவரும். அதே சமயம் புதிதாகத் தமிழ் படிக்க வரும் பிள்ளையை "இது இறக்குமதி" என்று கேலி செய்வதும் தப்பு. இழந்ததைத் திரும்பத் தேட அதற்கு உரிமை இருக்கிறது. ஒருவர் கைக்கு வந்ததைக் காப்பாற்றுகிறார், இன்னொருவர் கைநழுவியதைத் தேடுகிறார். இரண்டு வேலையும் நடக்கட்டும்.

மொரிஷியசில் இந்த உணர்வு வேறு விதம். அங்கே தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. மதம் என்ன என்று கேட்டால் "தமிழ்" என்றே சொல்கிறவர்கள் உண்டு. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் எழுத்து இருந்தது. 1998-இல் புதிய நோட்டில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைப் பின்னால் தள்ளியதும் தமிழ் வம்சத்தார் கொதித்து எழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த எழுத்தை வாசிக்கக்கூடத் தெரியாது. வாசிக்கத் தெரியாத எழுத்துக்காக ஏன் போராட வேண்டும்? அந்த எழுத்தின் இடம் போனால் தங்கள் பாட்டன் உழைத்த இடமும் போனதாக நினைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலோ சாதிப் பட்டங்களே குடும்பப் பெயர்களாயின. முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் போனதாகக் கணக்கு. அந்த வழியில் ஜோகன்னஸ்பர்க்கில் 1898-இல் பிறந்த ஒரு பெண், காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22-இல் இறந்துபோனாள். பதினாறு வயது. பெற்றோர் வழி வந்த ஊர்ப்பெயரோடு அவளை நாம் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம்.

பதிவேட்டில் ஒரு வரி

பூர்வீகம் வெறும் உணர்ச்சி விஷயம் மட்டும் இல்லை, அதற்குச் சட்டமும் உண்டு. இத்தாலி வெகுகாலம் எத்தனை தலைமுறை தாண்டியவருக்கும் வம்சாவழிக் குடியுரிமை கொடுத்துவந்தது. 2025-இல் சட்டத்தை மாற்றி, பொதுவாகத் தாத்தா பாட்டி தலைமுறையோடு நிறுத்திவிட்டது. நம் நாடு எதிர்த்திசையில் போகிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையைப் பொதுவாக நான்காம் தலைமுறை வரை தருகிறோம். 2023-இல் சுரிநாம் நாட்டவருக்கு ஆறாம் தலைமுறை வரையிலும், 2024 மார்ச்சில் மொரிஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரையிலும் நீட்டித்தார்கள்.

ஏழு தலைமுறையை எப்படி நிரூபிப்பது? மொரிஷியஸ் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கூலியின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். தோட்ட முதலாளிக்கு ஆள் தப்பிக்காமல் இருக்க எழுதிவைத்த ஏடு, இன்று பேரன்களுக்கு ஊர் காட்டும் ஏடாகிவிட்டது. ஆனால் வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதிய ஊர்ப்பெயரைப் படித்து இது எந்தப் பட்டி, எந்தப் பாளையம் என்று கண்டுபிடிப்பது லேசான காரியமா? தமிழ்நாட்டில் எத்தனை ஓடைப்பட்டி, எத்தனை புதுப்பட்டி!

நம்ம வீட்டுக் கணக்கு

இத்தனை சான்றுகளையும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. வீட்டில் பேசாத மொழி மூன்று நான்கு தலைமுறைக்குள் போய்விடுகிறது. ஆனால் கையால் செய்வது நிற்கிறது: ஒரு தீமிதி, ஒரு கரும்புக் கட்டு, ஒரு குழம்பு, ஒரு பெயர். எங்க ஊர் விதையில்லாத் திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியிலிருந்து ஒரு குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடிக்கிறது. வாரிசுகளின் மரபும் அப்படித்தான். முழு மரமும் போக வேண்டியதில்லை, உயிருள்ள ஒரு குச்சி போதும். அந்தக் குச்சியாவது கிடைக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் அந்தக் கூலிகளுக்குக் கிடைத்த பதிவேடு நம்மில் பலருக்கு இல்லை. கொள்ளுத்தாத்தா பெயர் தெரிந்த மாணவர்கள் எத்தனை பேர் என்று இன்றைய வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசிவந்த குடும்பங்கள் பலவற்றில் இப்போது பிள்ளைகளிடம் தமிழில் பேசுகிறார்கள். வெளியூர் போன தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிழைப்பு அப்படி. ஆனால் அப்பத்தாவும் அம்மாச்சியும் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள நேரமில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது.

ஆகவே சங்க உறுப்பினர்களுக்கும் இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு தாள் எழுதி எடுத்து வாருங்கள். ஏழு தலைமுறை வேண்டாம், மூன்று போதும். ஆண்வழி, பெண்வழி இரண்டிலும் பெயர்கள், எந்த ஊரிலிருந்து எதற்காக வந்தார்கள், குலசாமி எது, வீட்டில் மட்டும் வழங்கும் பத்துச் சொற்கள், பாட்டி கைப்பக்குவத்தில் ஒன்று. ஊர்ப்பெயரோடு தாலுகாவையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றையெல்லாம் கட்டுக்கட்டிக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். என்றைக்காவது தூரதேசத்திலிருந்து ஒரு பேத்தி வந்து, உடைந்த தமிழில் தன் பாட்டன் ஊரைக் கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு பக்கமாவது இருக்கும்.